லூர்தக்கா வாசித்த கடைசி அத்தியாயம்

லூர்தக்கா இடது கையில் துணி சுற்றிக்கொண்டு வாடிக்குள் வந்த அந்தக் காலை எனக்கு நல்ல ஞாபகம். வெயில் இன்னும் ஏறவில்லை. மன்னார்த் தீவின் பள்ளிமுனைக் கரையில் இரண்டு கழுதைகள் யாரோ எறிந்த காகிதப் பெட்டியைத் தின்றுகொண்டு நின்றன. கரையோரத்துக் கருவாட்டுக் கொட்டிலைத்தான் நாங்கள் வாடி என்போம். அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் குந்தியிருந்து, கட்டா மீனை முதுகால் பிளந்து, குடல் எடுத்து, உப்புத் தொட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

லூர்தக்கா தொட்டிப் பக்கம் வரவில்லை. நேரே போய், வாசிக்கிறவள் இருக்கும் சவர்க்காரப் பெட்டியில், சோப்புக் கட்டி வந்த பழைய மரப்பெட்டியில், ஏறி இருந்தார்.

“இண்டைக்கு நான்தான் வாசிப்பு.”

வாடியைப் பார்த்துக்கொள்ளும் செபமாலை மாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “கையில என்ன?”

“கத்தி வழுக்கிப் போச்சு மாமி.”

“சரி, புதுக்கதை பாதியில நிக்குது. விட்ட இடத்தில இருந்து வாசி.”

“புதுக்கதை வேண்டாம். பழைய கதையின்ர கடைசி அத்தியாயத்தை எடுத்துத் தாங்கோ.”

அந்தக் கடைசி அத்தியாயத்தில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அந்த வாடியில் எனக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கேட்டு அழுதது முழுக்க நான் சொன்ன பொய்.

காயம் பட்டவள் வாசிப்பாள்

இதை விளங்கவைக்க வேண்டுமென்றால் எங்கள் வாடியின் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

மீன் வெட்டுகிறவளுக்குக் கையில் காயம் வராமல் இராது. கத்தி வெட்டும், செதில் கிழிக்கும், முள் ஏறும். அந்தக் கையைக் கல்லுப்புக்குள் வைத்தால் உயிர் போய்த் திரும்பி வரும். வேலைக்கு வராதே என்றால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் செபமாலை மாமி ஒரு வழி வைத்திருந்தார். காயம் பட்டவள் உப்பைத் தொடத் தேவையில்லை. பெட்டியில் இருந்து கதை வாசிக்க வேண்டும். கூலி எல்லாருக்கும் ஒன்றுதான்.

கொழும்புக்கு இடம்பெயர்ந்த ஒரு ரீச்சர் கோயில் களஞ்சிய அறையில் விட்டுப்போன புத்தகப் பெட்டி எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. ஒன்றுக்குக்கூட மேலட்டை இல்லை. சரித்திர நாவல்களின் அட்டையில் வாள் பிடித்த அரசர்கள் இருந்திருப்பார்கள். அது யுத்த காலம். சோதனைச் சாவடிச் சென்றியில் நிற்கிற ஆமிக்காரனுக்கு வாளும் ஒன்றுதான், துவக்கும் ஒன்றுதான் என்று பயந்து, பாவம், அந்த மனிசி எல்லாவற்றையும் கிழித்துவிட்டார். ஆகவே நான் சொல்லப்போகும் நாவல்களின் பெயர் என்ன, எழுதியவர் யார் என்று எனக்குக் கடிதம் போடாதீர்கள். எனக்கே தெரியாது.

காயத்தின் தயவில் ஒரே நாவலைப் பல குரலில் கேட்டோம். ஒருத்தி செபம் சொல்வதுபோல ஒரே இழுவையில் இழுப்பாள். இன்னொருத்தி பஸ்ஸைத் தவறவிட்டவள்போல ஓடுவாள். மலையகத்துத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து தீவுக்கு வந்த ராசாத்திக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். அவளுக்குக் காயம் பட்டால் மீனில் மொய்க்கிற இலையான் விரட்டுவாள், அவளுக்காக வேறொருத்தி வாசிப்பாள்.

இன்னொரு சட்டமும் இருந்தது. புத்தகம் வீட்டுக்குப் போகாது. முன்னொரு நாள் ஒருத்தி கொண்டுபோய் முடிவை வாசித்துவிட்டு வந்து சொல்ல, தலைமுடியைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை. அன்றிலிருந்து புத்தகங்களை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பு மாமியின் இடுப்பில்தான்.

வாடைக் காற்றில் முத்துக்குளிப்பு

அந்தப் பழைய கதை எங்கள் கடலைப் பற்றியது. அரசர் காலம். முத்துக் குளிக்கும் ஒருவன், அவனுடைய அழகான மனைவி. புருசனை வேற்றுநாட்டுக் கப்பல்காரர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் கரையில் நின்று காத்திருக்கிறாள்.

எழுதியவர் மன்னார்ப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்று நாலாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. மார்கழி மாதத்தில், வாடைக் காற்று ஊளையிட, மலைபோல அலை எழும்ப, வீரர்கள் முத்துக் குளிக்கப் பாய்கிறார்களாம். வாடி முழுக்கச் சிரிப்பு. வாடைக்குக் கடல் அடி தெரியாமல் கலங்கிப்போய்க் கிடக்கும், கையை நீட்டினால் கை தெரியாது. பங்குனி, சித்திரையில் கடல் எண்ணெய் மாதிரிக் கிடக்கும்போதுதான் முத்துக்குளிப்பு நடந்தது என்பது இங்கே மூக்கு வடிகிற பிள்ளைக்கும் தெரியும்.

அதைவிட, கதாநாயகன் மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் சிப்பி பொறுக்கும்போது மனைவியை நினைக்கிறான். நினைக்கிறான், நினைக்கிறான், மூன்று பக்கம் நினைக்கிறான். செபமாலை மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“எடி, நீ வாசிச்சு முடியமுன்னம் அவன் செத்திருப்பானடி! ஆராவது கயித்தை இழுங்கோவன்!”

இத்தனை வருசம் கழித்து, போன மாதம், மதிப்புரை எழுதச் சொல்லி எனக்குத் தபாலில் இரண்டு புது நாவல்கள் வந்தன. ஒன்று சரித்திரம், மற்றது இந்தக் காலத்துக் கதை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நாலு நாளில் முடித்தேன். சரித்திரம் எழுதியவர் நல்லாய்த்தான் படித்திருக்கிறார். கோட்டையின் உயரம், யானையின் அம்பாரி, அரசியின் மூக்குத்திக் கல் எல்லாம் சொல்கிறார். ஆனால் முற்றுகை ஆறு மாதம் நடக்கிறது, உள்ளே ஒரு சனம் பசியென்று சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொருளாதாரத் தடைக்குள் கிடந்தவளிடம் இந்தக் கதையை விற்கலாமா? இந்தக் கோபத்தை எனக்குப் பழக்கியவர் லூர்தக்காதான். அதற்குத்தான் வருகிறேன்.

கரையில் கிடந்த வள்ளம்

லூர்தக்காவின் கணவர் கடலுக்குப் போய் அப்போது ஏழு மாதம். தன் வள்ளத்தின் எஞ்சின் பழுதென்று இன்னொருவருடைய வள்ளத்தில் போனவர். மூன்று பேர் போனார்கள். வள்ளமும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை. கடலில் அன்றைக்குச் சூட்டுச் சத்தம் கேட்டது என்றார்கள் சிலர். இந்தியாவுக்குப் போயிருப்பார்கள் என்றார்கள் வேறு சிலர். மற்ற இரண்டு வீட்டாரும் செத்தவர்களுக்கான ஆத்துமப் பூசை ஒப்புக்கொடுத்து அழுது முடித்துவிட்டார்கள். லூர்தக்கா பூசைக்குக் கேட்கவில்லை.

ஆனால் அவர் கணவரின் சொந்த வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. எஞ்சின் திருத்தியாயிற்று. கடலில் இறக்க நேவிக்காரர் தரும் அனுமதிப் பாஸ் வேண்டும். பாஸ் அவர் கணவர் பெயரில். ஆள் செத்துவிட்டார் என்று கிராம அதிகாரியான விதானையிடம் கையெழுத்து வைத்துப் பத்திரம் எடுத்தால் கணவரின் அண்ணன் சவிரி பெயருக்கு மாற்றலாம் என்றார்கள். சவிரி கெட்ட மனிதர் இல்லை. அவருக்குச் சொந்த வள்ளம் இல்லை. இரண்டு வீட்டிலும் சேர்த்து ஒன்பது பேர் சாப்பிட வேண்டும். அவர் அடிக்கடி வாடி வாசலுக்கு வந்து நிற்பார்.

“பிள்ளை, நான் என்ர தம்பியைச் சாகச் சொல்லேல்ல. ஒரு கடதாசிதானே.”

“கடதாசிதான் அத்தான். ஆனா கையெழுத்து என்ர.”

இவ்வளவுதான் பேச்சு. கையெழுத்து வைத்தால் தன் வாயாலேயே புருசனைக் கொன்றதாகும், வைக்காவிட்டால் பிள்ளைகள் பட்டினி. அந்த ஏழு மாதமும் லூர்தக்கா இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நித்திரை கொண்டு எழும்பினார்.

நான் செய்த முடிவு

கதை கடைசிக் கட்டத்துக்கு வரும்போது எனக்குக் கெளுத்தி முள் குத்தி விரல் வீங்கிப் போயிருந்தது. இரண்டு கிழமை நானே வாசிப்பு. எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டதால் படிப்பை விட்டுக் கருவாட்டுக்கு வந்தவள். வாசிப்பில் நான்தான் கெட்டிக்காரி என்ற தலைக்கனம் வேறு.

மத்தியானச் சாப்பாட்டு நேரம், மாமி அசந்த இடத்தில், களவாகக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். புருசன் வரவில்லை. இருபது வருசம் கரையில் நின்ற அவள் ஒருநாள் அலையை நோக்கி நடந்து கடலோடு கலந்துவிடுகிறாள். ஊர் கூடி அவளுக்குக் கோயில் கட்டுகிறது. முற்றும்.

நிமிர்ந்து பார்த்தேன். லூர்தக்கா எனக்கு எதிரில் இருந்து பாண் துண்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஐயோ, இதை இவருக்கு எப்படி வாசிப்பது? எனக்கு வாய் வருமா?

வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நானாகச் சொன்னேன். தூரத்தில் ஒரு பாய்மரம் தெரிகிறது. கப்பல் வருகிறது. நரைத்த தாடியோடு ஒருவன் இறங்குகிறான். “அன்பே, ஆழியும் நம்மைப் பிரிக்க வல்லதோ” என்று ஒரு வசனமும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சம் பிடுங்குகிறது. ஆனால் வாடி முழுக்க மூக்குச் சிந்திற்று. ராசாத்தி உப்புக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு “ஐயோ அம்மா எரியுதே” என்று தண்ணீர்ப் பானைக்கு ஓடினாள்.

லூர்தக்கா அழவில்லை. “திருப்பி ஒருக்கா வாசி,” என்றார்.

நான் எங்கே போவேன்? திருப்பிச் சொன்னேன். முடித்ததும் அவர் என்னையே பார்த்தார். முதல் தரம் தாடி நரைத்திருந்தது, இரண்டாம் தரம் நான் தாடியையே மறந்துபோனேன். முதல் தரம் கப்பலுக்கு ஒரு பாய்மரம், பிறகு மூன்று. அதையெல்லாம் அவர் கவனித்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் சவிரி வாசலுக்கு வந்தார். “நாளைக்கு விதானையிட்டப் போவமே பிள்ளை?”

“கொஞ்சம் பொறுங்கோ அத்தான். எனக்கு ஒரு விசயம் பாக்கக் கிடக்கு.”

நான் கட்டிய கதையை நம்பித்தான் இந்த மனிசி பொறுக்கச் சொல்கிறார் என்று நினைத்தேன். கப்பல் வரும் என்று நான் சொன்னதால் ஒன்பது பேர் பட்டினி கிடக்கப் போகிறார்கள். மன்னிப்புக் கேட்கத் தைரியம் இருந்ததா? இல்லை. லூர்தக்கா நிற்கிற பக்கம் போகாமல் ஒளித்துத் திரிந்தேன்.

மூன்றாம் மாடி வீடு

மாமி அடுத்த புத்தகத்தை எடுத்துவிட்டார். அது இந்தக் காலத்துக் கதை. பெரிய பட்டணம், மூன்றாம் மாடியில் ஒரு வீடு, புருசன் பெண்சாதி இரண்டு பேர். அவன் அடிக்கமாட்டான், குடிக்கமாட்டான், நேரத்துக்கு வருவான். ஆனால் அவளோடு கதைக்கமாட்டான். அவள் விட்டுவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறாள். பாதிப் புத்தகம் வரைக்கும் யோசிக்கிறாள்.

எங்கள் வாடி கொதித்தெழுந்தது.

“குழாயில தண்ணி வருது. கரண்ட் இருக்கு. ஃபான் சுத்துது. ஷெல் விழேல்ல. இவளுக்கு என்ன குறை?” என்றார் மாமி.

நானும் அந்தக் கட்சிதான். பங்கருக்குள் பிள்ளை பெற்றவர்களுக்கு முன்னால் இவள் என்ன பெரிய துன்பப்பட்டுவிட்டாள் என்று நினைத்தேன். ராசாத்தி மட்டும் மீனைத் தொட்டிக்குள் போட்டபடி மெதுவாகச் சொன்னாள்.

“அப்படிச் சொல்லாதீங்க மாமி. எங்கப்பாரும் அம்மாகிட்ட பேசமாட்டாரு. தோட்டத்து லயத்து வீட்டுல ஒரே அறைதான். பதினெட்டு வருசம் பேசல. எங்கம்மா கோழிகிட்ட பேசிக்கிட்டு இருக்கும். ஷெல்லு விழுந்தா ஓடிடலாம். இதுக்கு எங்க ஓடுறது?”

மாமி, “சரி, மேல வாசி,” என்றார். அதன்பிறகு அந்தப் பெண்ணை ஒருவரும் கேலி செய்யவில்லை. போன மாதம் தபாலில் வந்த மற்றப் புது நாவலும் இதேபோல வாய் பேசாத வீட்டைப் பற்றியதுதான். முதல் பத்துப் பக்கத்தில் எனக்கு அலுத்துப்போயிற்று. பிறகு ராசாத்தியின் அம்மாவும் கோழியும் நினைவுக்கு வர, நிமிர்ந்திருந்து ஒழுங்காக வாசித்தேன்.

வாடியில் வாசித்த அந்தப் புதுக்கதை பாதியில் நிற்கும்போதுதான் லூர்தக்கா கையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

சவர்க்காரப் பெட்டியில்

வாசிக்கிறவள் எதைக் கேட்கிறாளோ அதைக் கொடுக்க வேண்டும் என்பதும் வாடியின் சட்டம். மாமி முணுமுணுத்துக்கொண்டு அலுமாரியைத் திறந்தார்.

லூர்தக்கா நல்ல கையால் புத்தகத்தை விரித்தார். அவருக்கு வாசிப்பு வேகமில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தட்டி வைத்தார். நின்றாள். பார்த்தாள். வருசம் போயிற்று. தலை நரைத்தது. அலையை நோக்கி நடந்தாள். முதல் பக்கத்திலேயே கத்திகள் நின்றுவிட்டன. ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். நான் தொட்டிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு இருந்தேன். நிலம் பிளந்தால் இறங்கியிருப்பேன்.

கோயில் கட்டி முடிந்தது. லூர்தக்கா புத்தகத்தை மூடினார்.

“ஜெசி, உன்ர கப்பல் எங்கயடி?”

“அக்கா... உங்களை நினைச்சுத்தான்... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அழாதை. ரெண்டாந்தரம் வாசிக்கேக்குள்ளயே தெரியும். எழுத்தில இருக்கிறது ஒருக்காக் கேட்டா ஒரு மாதிரி, மற்றத்தரம் இன்னொரு மாதிரி வராது. நீ பயந்து பயந்து சொன்னனி. அப்ப புத்தகத்தில அவன் வரேல்லை எண்டு விளங்கிச்சு. ஆனா பிறகு அவள் என்ன செய்தவள் எண்டு எனக்குத் தெரிய வேணும்.”

“மாமியிட்டக் கேட்டிருக்கலாமே அக்கா!”

“திறப்புத் தருவாவோ? தரமாட்டா. அதோட, அழுத ஆக்கள் எல்லாரும் கேக்கவும் வேணும்.”

மாமி எழும்பி வந்து அவருடைய துணியை அவிழ்த்தார். உள்ளங்கையில் ஒரு வெட்டு, கோடு பிடித்ததுபோல நேராக. வழுக்கின கத்தி அப்படி வெட்டாது. மீன் வெட்டுகிற எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். “உனக்கு விசரோடி!” என்று மாமி கத்தினார். திட்டிக்கொண்டே புதுத் துணி கிழித்துக் கட்டிவிட்டார்.

லூர்தக்காவின் கோபம் என்மேல் இல்லை. எழுதியவர்மேல்.

“இருபது வருசம் கரையில நிண்டவளாம். என்ன திண்டவள்? ஆர் சோறு குடுத்தது? பிள்ளையளுக்கு ஆர் உடுப்பு எடுத்தது? ஒரு வரி எழுதேல்ல. கடைசியில கடலுக்குள்ள அனுப்பிப்போட்டுக் கோயில் கட்டுறாராம். எனக்குக் கோயில் வேண்டாம். நான் கடலுக்கை போகவும் மாட்டன். அவர் செத்திட்டார் எண்டு கையெழுத்து வைக்கவும் மாட்டன். வள்ளத்தைச் சும்மா கிடக்க விடவும் மாட்டன்.”

“அப்ப என்னடி செய்யப்போறாய்?” என்றார் மாமி.

“பாஸை என்ர பேரில கேக்கப்போறன்.”

பொம்பிளை பெயரில் வள்ளப் பாஸா? ராசாத்தி வாயைப் பிளந்தாள். லூர்தக்கா என் பக்கம் திரும்பினார்.

“கடிதம் நீதான் எழுதுறாய். பொய் எழுதுறதில கெட்டிக்காரி எண்டு கண்டாச்சு. உண்மை எழுதத் தெரியுமோ எண்டு பாப்பம்.”

கடிதம்

மீன் மணக்கிற கையோடு அங்கேயே இருந்து எழுதினேன். என் கணவர் கடலுக்குப் போனார். இன்னும் திரும்பவில்லை. அவருடைய வள்ளம் கரையில் இருக்கிறது. அது தொழிலுக்குப் போக என் பெயரில் பாஸ் தரவும். கடைசியில் “கண்ணீருடன் வேண்டிக்கொள்கிறேன்” என்று நான் சேர்த்ததைப் பார்த்தார்.

“நான் அழேல்லை. வெட்டு.”

வெட்டினேன்.

நேவி முகாமுக்கு நானும் கூடப்போனேன். வெளியில் தகரக் கொட்டிலுக்குள் காக்க வைத்தார்கள். கடிதத்தை வாசித்த அதிகாரி என்னவோ கேட்க, மொழிபெயர்க்கிறவர் எங்களிடம் சொன்னார்.

“ஆள் உயிரோட இருக்கிறாரோ, செத்திட்டாரோ எண்டு கேக்கிறார். ஒண்டைச் சொல்லுங்கோ அம்மா. நிரப்பிற பாரத்தில ரெண்டு கட்டந்தான் கிடக்கு.”

“தெரியாது எண்டு எழுதச் சொல்லுங்கோ.”

“அப்பிடி எழுத இடமில்லையம்மா.”

“அப்ப ஓரத்தில எழுதச் சொல்லுங்கோ ஐயா. இடம் கிடக்குதுதானே.”

திருப்பி அனுப்பினார்கள். அடுத்த கிழமை போனோம். அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் தரம் அதிகாரி மேசையில் அடித்துக் கத்தினார். லூர்தக்கா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கத்தி முடியும்வரை இருந்துவிட்டு, “தெரியாது எண்டு சொல்லுங்கோ,” என்றார். நாலாம் தரம் அங்கே வேறொரு அதிகாரி இருந்தார். கடிதத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பாரத்தின் ஓரத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதி முத்திரை குத்தினார். பாஸ் கிடைத்தது, பகலில் மட்டும், கரையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம் மட்டும், மூன்று மாதத்துக்கு.

மறுநாள் விடிய, வாடிப் பெண்கள் எல்லாரும் கரைக்குப் போய் வள்ளத்தை நிமிர்த்தினோம். சவிரி எஞ்சினைப் பூட்டினார். மாதக்கணக்காகக் கேட்டுக் கேட்டு அலுத்தவர், அன்றைக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு வள்ளத்தின் பக்கத்தில் தம்பியின் பெயர் எழுதியிருந்த இடத்தைக் காட்டினார்.

“பிள்ளை, பாஸ் இப்ப உன்ர பேரில. சென்றியில பிரச்சினை பண்ணுவாங்கள். இதை அழிச்சுப்போட்டு உன்ர பேரை எழுதுவமே?”

லூர்தக்கா பாஸை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுச் சுற்றி அவர் கையில் கொடுத்தார்.

“வேண்டாம் அத்தான். வள்ளம் அவரின்ரதான். அவர் வந்து கேட்டா நான் குடுக்க வேணும். கவனமாக் கொண்டுபோயிட்டுக் கொண்டுவாங்கோ.”